கட்டைவிரல் பதிந்த பஃப்ஸ்

நகைப்பெட்டி திறந்து கிடந்தது. நீல வெல்வெட்டில் நெக்லஸின் அச்சு மட்டும் அரைவட்டமாகப் பதிந்திருந்தது. நெக்லஸ் இல்லை.

பல் டாக்டரின் மனைவி மாடியில் நின்று போட்ட அலறலில், கீழே கூடத்தில் இருந்தவர்கள் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு மென்றார்கள். வாய்க்குள் போன பஃப்ஸைத் துப்பவா முடியும்?

அன்று அந்த வீட்டில் பல் டாக்டர்கள் சங்கத்தின் புதுத் தலைவருக்கான விருந்து. அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் தலைவராக வருகிறாரோ அவர் வீட்டில்தான் முதல் விருந்து; அதில் வைக்கிற பண்டம் எல்லாம் வீட்டம்மா தன் கையால் செய்ததாக இருக்கவேண்டும். எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. முதன்முதலில் தலைவரானவரின் மனைவி, வேறு வேலை இல்லாமல், நாற்பது பேருக்குத் தானே எல்லாம் செய்து வைத்துத் தொலைத்தாளாம். அடுத்தடுத்து வந்தவர்கள் அவளைவிட ஒரு படி மேலே என்று காட்டப்போய், கடைசியில் விருந்து என்பது டாக்டர் மனைவிமாருக்கு வைக்கிற பரீட்சையாகிவிட்டது. ஊர்ப்பல்லைப் பிடுங்கிச் சம்பாதிக்கிற கூட்டம், பல்லுக்கு ஆகாததாகப் பார்த்துப் பார்த்துத் தின்கிற நாள் அது.

இந்த வருஷத்துப் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியே தீருவது என்று இருந்தவள்தான் இந்த டாக்டர் மனைவி. சங்கத்து வட்டாரத்தில் அவளுக்குக் 'கைமணம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொன்னால் அது பாராட்டு. முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பு இன்றுவரை அவள் காதை எட்டவில்லை.

கூடத்து நீள மேஜையில் நான்கு தட்டங்கள். காளான் பஃப்ஸ், பொரித்த சீஸ் உருண்டை, கீரை ரோல், எலுமிச்சை டார்ட். வந்தவர்களை வரவேற்கிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் அவள் அலுத்துக்கொண்டாள். மத்தியானம் முழுக்க அடுப்படிதானாம். கால் கடுத்துப் போயிற்றாம். சீஸ் உருண்டையை ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டு எடுத்ததில் கண்ணே எரிகிறதாம். சமையலறைக் கதவின் கைப்பிடியில், மாவு அப்பிய ஏப்ரன் ஒன்று எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கியது. பாதிப் பேர் வந்து சேர்ந்ததும், மாடிக்குப் போய் நெக்லஸை மாட்டிக்கொண்டு படியில் மெல்ல இறங்கி வருவதாக அவள் திட்டம். இறங்கி வந்தது அலறல்தான்.

புதுத் தலைவரான பல் டாக்டர் அவள் பின்னாலேயே இறங்கினார். யாரும் வீட்டைவிட்டுப் போகவேண்டாம் என்று அறிவிக்க மைக்கைக் கேட்டார். மைக் சங்கத்துச் சொத்து. அதைக் கொண்டுவருவது செயலாளர் வேலை. செயலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி போச்சு தலைவரே. கார்லயே வெச்சுட்டேன்."

டாக்டர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தவேண்டியதாயிற்று. போலீஸைக் கூப்பிட்டால் சங்கத்து மானம் போய்விடும் என்று செயலாளர் காதில் ஓதிப் பார்த்தார். நெக்லஸின் விலை டாக்டருக்குத் தெரியும். சங்கத்து மானத்துக்கு அவ்வளவு பெறாது என்றும் தெரியும். போனை எடுத்தார்.

ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கனத்த உடம்பு, மூட்டுவலி, காலையிலிருந்து கோர்ட்டில் நின்றதில் மதியச் சாப்பாடும் இல்லை. கூட வந்த கான்ஸ்டபிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், முதலில் போர்ட்டிகோவில் நின்ற வெள்ளைக் காரைப் பற்றிக் கேட்டாள். தன்னுடையது வெளியே நிற்கிறது, அது வீட்டுக் கார், தங்கைதான் ஓட்டுவாள், மனைவிக்கு ஸ்டீயரிங்கைத் தொடவே பயம் என்றார் டாக்டர். இன்ஸ்பெக்டர் தலையாட்டினாள். அடுத்து, சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள்.

கூடமே முகம் சுளித்தது. நகை போன வீட்டில் வந்ததும் வராததுமாகச் சாப்பாடா? சுளித்தவர்கள் ஒருவர் கையிலும் தட்டு காலியாக இல்லை என்பது வேறு விஷயம். சங்கத்தின் முதல் தலைவராக இருந்த பெரியவர் மட்டும், தன் பொய்ப்பல்லை நாக்கால் சரிசெய்துகொண்டு, பக்கத்து நாற்காலியை இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள். தட்டைத் தானே நிரப்பிக்கொண்டாள். பஃப்ஸில் மேல் வரிசையிலிருந்து இரண்டு, அடுக்கை ஒதுக்கிக் கீழ் வரிசையிலிருந்து இரண்டு. நான்கையும் தட்டில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கடித்தாள்.

விசாரணை அந்த நாற்காலியிலேயே நடந்தது.

கணக்கு சிக்கலில்லாதது. மூன்று மணிக்கு நெக்லஸ் மாடியறையில் கண்ணாடி மேஜைமேல் பெட்டிக்குள் இருந்ததை டாக்டர் மனைவியே பார்த்தாள். ஐந்து மணிக்கு க்ளினிக்கிலிருந்து வந்த டாக்டர் அதே அறையில் படுத்தார். எழுந்தார், உடுத்தினார், டையை மூன்று தரம் கட்டி அவிழ்த்தார். தலைவர் என்றால் விருந்தாளிகளைக் காக்கவைத்து இறங்கவேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மனைவி வந்து பெட்டியைத் திறக்கும்வரை அவர் அறையைவிட்டு நகரவில்லை. ஆக, போனது மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில். கதவு, ஜன்னல் எதுவும் உடையவில்லை.

"அந்த நேரத்துல நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"அடுப்படியில. வேற எங்க இருப்பேன்? இத்தனையும் யார் செய்யறது?" டாக்டர் மனைவி மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உங்க நாத்தனார்?"

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் தாமதித்தாள். பெரிய தாமதமில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்.

"தெரியல மேடம். எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிறவளுக்கு வீட்டுல யார் எங்க போறாங்கன்னு எப்படித் தெரியும்?"

டாக்டரின் தங்கை சுவரோரமாகத் தட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். கட்டினவன் விட்டுப் போனபிறகு மகளோடு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருப்பவள். பி.பார்ம் படித்தவள். அந்த வீட்டில் துணி தேய்ப்பதும் கார் ஓட்டுவதும் அண்ணி கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதும் அவள் வேலை. அதற்குப் பேர் ஆதரவு கொடுப்பதாம், அண்ணி எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். திங்கட்கிழமை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் தங்கை வேலையில் சேரவேண்டும். வேலையோடு இரண்டு அறை குவார்ட்டர்ஸும் உண்டு. அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி. திருட்டு வழக்கில் பேர் அடிபட்டால் சான்றும் இல்லை, வேலையும் இல்லை, மகளோடு அந்தப் பின்னறையிலேயே கிடக்கவேண்டியதுதான். விருந்துக்குக் குழந்தை குறுக்கே வரக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டதால், மகள் அன்று பள்ளித்தோழி வீட்டில் இருந்தாள்.

"நீ எங்கம்மா இருந்தே?"

"வீட்டுல இல்லை மேடம்."

"எங்க போயிருந்தே?"

"சொல்ல முடியாது."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. டாக்டர் தங்கையை முறைத்தார். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஏற்கெனவே நேராக இருந்த தட்டத்தை இன்னும் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்ல முடியாதா, சொல்ல மாட்டியா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன். என் பொண்ணு மேல."

எவன் மேலோ மோகம் போலிருக்கிறது, நகையை அவனிடம் கொடுத்திருப்பாள் என்று ஒரு டாக்டர் மனைவி இன்னொருத்தி காதில் சொன்னாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது. தங்கை கரண்டியைத் தட்டத்தில் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் செயலாளர் தொண்டையைச் செருமினார். தலைவர் தேர்தலில் நின்று மயிரிழையில் தோற்றவர். தோற்றதற்கு ஆறுதலாகச் செயலாளர் பதவி. அன்றுமுதல் டாக்டரைத் தலைவரே தலைவரே என்று கூப்பிட்டு, கூப்பிடும்போதெல்லாம் எதையோ விழுங்குகிறவர். தனக்கு இதில் தலையிட இஷ்டமே இல்லை என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தலையிடாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

நாலு மணிவாக்கில் மைக்கையும் வாழ்த்து பேனரையும் கொண்டுவந்தாராம். சாவி டாக்டர் கொடுத்தது. இதை டாக்டரும் ஒப்புக்கொண்டார்: பொரிக்கிற நேரத்தில் யாரும் பெல் அடித்துத் தொந்தரவு செய்யக்கூடாது, அடித்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தில் கேட்காது என்று மனைவி கண்டித்துச் சொல்லியிருந்ததால், க்ளினிக்குக்கு வந்த செயலாளர் கையில் அவர்தான் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"பேனரைக் கட்டினேன், மைக் வேலை செய்யல, அதைத் திரும்ப எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். மொத்தமே அஞ்சு நிமிஷம். ஆனா..." செயலாளர் தங்கை பக்கம் திரும்பி, மிகவும் வருத்தப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "இவங்க மாடிப்படி ஏறிப் போறதைப் பார்த்தேன். வீட்டுல இல்லைன்னு இப்போ சொல்றாங்க. அதான் மனசு கேக்கல."

தங்கை மறுபடியும் பார்த்தது அண்ணியைத்தான். இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அண்ணி, இப்போது பேச்சு மூச்சில்லாமல் நின்றாள்.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. சோறு போடுகிற கையையே கடிப்பதா, நெக்லஸை எங்கே வைத்தாய், சொல் என்று நாற்பது பேருக்கு முன்னால் தங்கையைக் கேட்டார். கூடப்பிறந்தவளைத் திருடி என்று நம்ப அவருக்கு அடுத்தவன் சொன்ன ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பெண்டாட்டி சொன்ன எதையும் அவர் என்றைக்கும் விசாரித்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் விரலில் ஒட்டிய பஃப்ஸ் துகளை நக்கினாள். கை கழுவவேண்டும் என்றாள். கூடத்து வாஷ்பேசினைக் காட்டினார்கள். அதைத் தாண்டிச் சமையலறைக்கே போனாள்.

பெரிய சமையலறை. மாடல் வீடு மாதிரி பளபளத்தது. ஓவனுக்குள் இன்னும் நான்கு தட்டங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. எண்ணெய் பாட்டிலின் மூடியில் சீல் பிரியவில்லை. வாணலி ஆணியில் தொங்கியது. இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டியதைக் கைக்குட்டையில் துடைத்தாள். காலால் பெடலை மிதித்துக் குப்பைக்கூடையைத் திறந்தாள். புதுப் பை மாட்டியிருந்தது. அதற்குள் ஒரு டிஷ்யூ காகிதம் மட்டும் கிடந்தது. பின்வாசல் திறந்து வெளியே இருந்த பெரிய தொட்டியையும் பார்த்தாள். நேற்றைய பால் பாக்கெட்டும் பேப்பரும் இருந்தன. திரும்பி வரும்போது கதவில் தொங்கிய ஏப்ரனை எடுத்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையை மாவில் தோய்த்து நெஞ்சில் அழகாக ஒற்றிய மாதிரி அச்சு இருந்தது. பையில், இடுப்பில், கை துடைக்கிற இடத்தில் எல்லாம் சுத்தம். மாவு பிசைகிறவள் எவளும் தன் நெஞ்சில் கைநாட்டு வைப்பதில்லை என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்தவள் உட்காரவில்லை.

"செயலாளர் சார், எனக்குக் கொஞ்சம் மறதி. இன்னொரு தரம் சொல்லுங்க. நீங்க வந்தப்போ டாக்டர் அம்மா எங்க இருந்தாங்க?"

"சமையலறையில மேடம்."

"பார்த்தீங்களா?"

"கதவு சாத்தியிருந்தது. ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு."

"ஃபேன் சத்தம் மட்டுமா?"

செயலாளர் சிரித்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு இழுவை என்கிற சிரிப்பு. "எண்ணெய் காயற சத்தமும்தான். சொய்யுன்னு உருண்டையைப் போடுறாங்க, எடுக்கிறாங்க. கூடம் வரைக்கும் வாசனை மேடம். அவங்க கைமணம் அப்படி. எனக்கு அப்பவே நாக்குல ஊறிடுச்சு."

"அப்போதான் இந்தப் பொண்ணு மாடிப்படி ஏறினா."

"ஆமா மேடம். கண்ணால பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் டாக்டர் மனைவியிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. நாலு மணிக்கு என்ன பொரிச்சிட்டு இருந்தீங்க?"

அடுப்பு முன்னால் மத்தியானம் முழுக்க நின்றவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கழுத்தைத் தடவினாள். நெக்லஸ் இல்லாத கழுத்து.

இன்ஸ்பெக்டர் பஃப்ஸ் தட்டத்தை மேஜை விளிம்புக்கு இழுத்தாள். மேல் வரிசையில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். இடது ஓரத்தில் ஒரு நசுக்கல். அடுத்தது, வலது ஓரத்தில். மூன்றாவது, நடுவில். எல்லாம் கட்டைவிரல் அளவு. கீழ் வரிசையைக் காட்டினாள். ஒன்றுகூடக் கோணல் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே மடிப்பு.

"மெஷின் மடிச்சது. மேல இருக்கிறதை மட்டும் நசுக்கி விட்டிருக்கீங்க, வீட்டுல செஞ்ச மாதிரி தெரியணும்னு. கீழ் வரிசை வரைக்கும் நசுக்கப் பொறுமை இல்லை. எங்க ஸ்டேஷன்ல யார் மாறிப் போனாலும் பிரிவு உபசாரத்துக்கு இதே பஃப்ஸ்தான் வாங்குவோம். என் வீட்டுக்கு யார் வந்தாலும் இதேதான். நான் பெட்டியோடவே மேஜையில வைப்பேன். சாப்பிட்டவங்க நல்லா இருக்காங்க, நானும் நல்லா இருக்கேன்."

பிறகு சமையலறையில் பார்த்ததைச் சொன்னாள். சீல் பிரியாத எண்ணெய், தூசி படிந்த வாணலி. கடைசியில் குப்பைக்கூடை. நாற்பது பேருக்குக் காளானும் கீரையும் எலுமிச்சையும் வைத்துச் சமைத்த வீட்டில், ஒரு காளான் காம்பு இல்லை, ஒரு வெங்காயத் தோல் இல்லை, பிழிந்து போட்ட ஒரு எலுமிச்சை மூடி இல்லை. சமைத்ததாகக் காட்ட எல்லாவற்றையும் ஜோடித்தவளுக்குக் குப்பையை ஜோடிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. சமைக்கிறவளுக்குத்தானே அது தோன்றும்?

"ஆக, நாலு மணிக்கு இந்த வீட்டுல எண்ணெய் காயல. வாசனையும் வரல. சார் காதுல விழுந்தது ஃபேன் சத்தம் மட்டும்தான். அது யார் வந்தாலும் நீங்க சமைக்கிறதா நினைச்சுக்கட்டும்னு ஓட விட்டுட்டுப் போன ஃபேன். சார் வந்து எதையோ எடுத்துட்டுப் போயிட்டார். சாயங்காலம் விருந்துக்கு வந்தா, நீங்க கால் கடுக்க நின்னு பொரிச்ச கதையைச் சொல்றீங்க. சரி, கதவுக்குப் பின்னால இருந்திருக்காங்க போலன்னு நம்பிட்டார். நம்பி, உங்க பொய்க்கு மேல தன் பொய்யைக் கட்டிட்டார். வீட்டுல ஆள் இருந்துச்சுன்னு சொன்னா அவர் மேல யாருக்கும் சந்தேகம் வராதில்ல? அதோட, வாயைத் திறக்காத ஒரு பொண்ணும் கைக்கு வாகா கிடைச்சா."

செயலாளர் எழுந்தார். இது அபாண்டம், ஒரு பஃப்ஸை வைத்து ஒரு மனுஷனைத் திருடன் என்பதா, சங்கம் சும்மா விடாது என்றார். சங்கம் டார்ட் தின்றுகொண்டிருந்தது.

"வாஸ்தவம் சார். பஃப்ஸ் சாட்சி சொல்லாது. மனுஷங்க சொல்லணும்." இன்ஸ்பெக்டர் டாக்டர் மனைவிக்கு எதிரே போய் நின்றாள். "பக்கத்துக் கடையில வாங்கினா யாராவது பார்த்திடுவாங்க. தூரமாப் போகணும். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்போ ஓட்டினது யாரு? அந்தப் பொண்ணு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நிக்கிறா, அவ சொல்ல மாட்டா. நீங்கதான் சொல்லணும். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?"

டாக்டர் மனைவி சுற்றிலும் பார்த்தாள். நாற்பது முகங்கள். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தனியா சொல்லலாமா மேடம்? உள்ளே வந்து..."

அந்த ஒரு கேள்விக்காகவே அவளைக் கைது செய்யச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்திருக்கவேண்டும். இல்லை. இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இங்கதானே இந்தப் பொண்ணைத் திருடின்னு சொன்னாங்க? இங்கயே சொல்லுங்க."

டாக்டர் மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கடைக்குப் போனோம். டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூப்பர்மார்க்கெட். அவதான் ஓட்டினா. போய் வர்ற வரைக்கும் என்கூடவே இருந்தா. எல்லாம்... எல்லாம் கடையில வாங்கினதுதான்."

வானம் இடிந்து விழும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவேண்டும். ஒன்றும் விழவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்திகூட ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். பெரியவர் பொய்ப்பல்லுக்கு இடையில் சிக்கிய கீரையைத் துழாவிக்கொண்டே சொன்னார்.

"இதுல என்னம்மா இருக்கு? முதல் விருந்தே என் வீட்டுலதானே. பேக்கரிக்காரன் பின்வாசல்ல வந்து இறக்கிட்டுப் போனான். என் சம்சாரம் அப்படியே தட்டுல மாத்தி வெச்சா. செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் அதை மாத்த முடியல."

இத்தனை வருஷமாக அந்தச் சங்கத்துப் பெண்களைப் படுத்தி எடுத்த பழக்கத்தின் யோக்கியதை அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரியும், தெரியாதது, பெரியவர் ஒருவரைத் தவிர, கணவன்மார்களுக்கு மட்டும். அதிலும் செயலாளருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் வீட்டு விருந்துகளிலும் இதே சீஸ் உருண்டைதான். தன் பெண்டாட்டி கைப்பக்குவம் என்று அவர் பெருமையடித்துக்கொண்டு தின்பார். இப்போது அந்தப் பெண்டாட்டி கைப்பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடினாள்.

"சார், பேட்டரி போன மைக்கைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

செயலாளர் சாவியைக் கொடுக்கவில்லை. கான்ஸ்டபிள் வந்து வாங்கிக்கொள்ளவேண்டியதாயிற்று. மைக் பெட்டியில் மைக் இருந்தது, பேட்டரியும் நன்றாக இருந்தது. மைக்கைப் பதித்து வைக்கிற பஞ்சுக்கு அடியில் நெக்லஸ் இருந்தது. பெட்டியைக் கூடத்தில் திறக்க முடியாமல் போனதால்தான் பேட்டரி போயிற்று.

விற்பதற்காக எடுக்கவில்லை என்று செயலாளர் அழாத குறையாகச் சொன்னார். அதை மாட்டிக்கொண்டு தலைவர் மனைவி படியில் இறங்குவதைத் தன் மனைவி பார்க்கக்கூடாது, தலைவர் நாற்காலியில் தான் இருந்திருக்கவேண்டியவன், இன்று ஒரு நாளாவது அவர்கள் கொண்டாட்டம் கெடட்டும் என்று நினைத்தாராம். அந்த அற்பத்தனத்துக்கு ஒரு பெண்ணின் வேலையையும் பேரையும் பலிகொடுக்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூட யோசனை தேவைப்படவில்லை. கான்ஸ்டபிள் அவர் முழங்கையைப் பிடித்தான்.

இன்ஸ்பெக்டர் நெக்லஸை டாக்டர் மனைவியிடம் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு ஜீரணமாகலம்மா. இந்த ஆளு, படியில இவளைப் பார்த்தேன்னு சொன்ன அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரியும், அது பொய்னு. அந்த நேரத்துல இவ உங்க பக்கத்துல உக்காந்து கார் ஓட்டிட்டு இருந்தா. யார் திருடன்னு இந்த வீட்டுல முதல்ல தெரிஞ்சது உங்களுக்குத்தான். எனக்கே அப்புறம்தான். தெரிஞ்சும் பஃப்ஸுக்காக வாயை மூடிட்டு நின்னீங்க."

டாக்டர் இப்போது தங்கையிடம் வந்தார். நாக்கு குழறியது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றார்.

"நீங்க கேக்கலையே அண்ணா. எங்க வெச்சேன்னுதானே கேட்டீங்க."

அவள் அதற்குமேல் அவரிடம் பேசவில்லை. போர்ட்டிகோவுக்குப் போனாள். காரின் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் மறையும் உயரத்துக்கு இரண்டு கை நிறையக் காலி அட்டைப்பெட்டிகள். மேஜை நடுவில், தட்டங்களை ஒதுக்கிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பஃப்ஸ் பெட்டி, உருண்டைப் பெட்டி, ரோல் பெட்டி, டார்ட் பெட்டி. சூப்பர்மார்க்கெட்டின் பெயர் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்தாள். அவசரப்படவில்லை. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காலையில என் பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் வாங்கினீங்களே அண்ணி. எதுக்காகன்னு எல்லாரும் பார்த்துக்கட்டும்."

தங்கை கார் சாவியை அண்ணன் முன்னால் மேஜையில் வைத்தாள். குழந்தையை அழைத்து வர நடந்தே போவதாகவும், துணிமணி எடுக்க மட்டும் நாளைக்கு வருவதாகவும் சொன்னாள். இன்ஸ்பெக்டர், ஜீப் அந்த வழியாகத்தான் போகிறது, ஏறிக்கொள் என்றாள். படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டே, நன்னடத்தைச் சான்று கேட்டு அவள் போட்ட மனு தன் மேஜையில்தான் கிடக்கிறது, திங்கட்கிழமை காலையில் வந்தால் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். தங்கை அப்போதுதான் அழுதாள்.

ஜீப் கிளம்பிப் போன சத்தம் அடங்கிய பிறகும் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் எட்டி, கீழ் வரிசையிலிருந்து ஒரு பஃப்ஸ் எடுத்துக்கொண்டார்.